இருபதாயிரம் தாண்டினால்

செல்லூர், மதுரை.
6-2-1981, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, அமீருன்னிசா ஸலாம் சொல்லி எழுதுவது.

அல்லாஹ் கிருபையால் நானும் நம் மகள் ஜெயினம்புவும் நல்ல சுகம். கொட்டகையில் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு நிற்கும் என் சக்களத்தியும் சுகம்தான். அவளுக்கு மட்டும் மழையும் இல்லை, வெயிலும் இல்லை. எங்களுக்குத்தான் அடுப்படி ஓட்டில் இன்னும் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. முதல் நான்கு வரி எங்களைப் பற்றி, மீதி மூன்று பக்கமும் காரைப் பற்றி. படித்ததும் சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றெரிச்சலும் வந்தது. இரண்டையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பாருங்கள். வருகிற ஜூன் கடைசியோடு துபாயில் உங்கள் மூன்று வருட காண்ட்ராக்ட் முடிகிறது. கூட வேலை பார்க்கும் திரூர்க்காரர் ஷார்ஜாவில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் திறக்கிறார். திரூரில் அவர் வீட்டில் இருபதாயிரம் ரூபாய் கொடுத்துவிட்டால் உங்களுக்குக் கால் பங்கு. பங்கு எடுத்தால் இன்னும் ஐந்து வருடம் அங்கேயே இருக்க வேண்டும். கையில் அவ்வளவு பணம் இல்லை, கார் இருக்கிறது. ஆகவே நாலு பேரை வைத்து அதற்கு மதிப்புப் போட வேண்டும். இருபதாயிரம் தாண்டினால் விற்றுப் பங்கு போடுவீர்கள். தாண்டாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவீர்கள்.

அதாவது, நீங்கள் வருவதா வேண்டாமா என்று அந்தக் காரிடம் கேட்டு எழுதச் சொல்கிறீர்கள். நல்ல மனுஷர்தான் போங்கள்.

சரி, சொன்னதைச் செய்கிறேன். முதலில் நாகூர் கனி மாமாவை வரச் சொன்னேன். பழைய இரும்புக் கடைக்காரர், அதிலும் என் தாய்மாமா, ஏமாற்ற மாட்டார் என்று நினைத்தேன். அவர் காரைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கறிக்கடைக்காரர் ஆட்டைப் பார்ப்பது போல இருந்தது. தார்ப்பாயை விலக்கிவிட்டு ஒரு சுற்று வந்தார். பானெட்டைத் தட்டிப் பார்த்தார், சந்தோஷப்பட்டார். கதவைத் தட்டிப் பார்த்தார், முகம் சுருங்கிவிட்டது. “என்ன புள்ள, உள்ள மரமால்ல இருக்கு! முழுக்க இரும்புன்னு நம்பி வந்தேனே” என்று அங்கலாய்த்தார். மரத்துக்காக நூறு கிலோ கழித்தார். ரேடியேட்டர் பித்தளை, என்ஜினில் இருக்கிற அலுமினியம், ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர், எல்லாம் கூட்டி ஆயிரத்து முந்நூறு ரூபாய் என்றார். “ஒனக்காகத்தான் இம்புட்டு. அடுத்தவன்னா ஆயிரத்து நூறு” என்றும் சொன்னார்.

உண்மையைச் சொல்லவா? எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷம். இருபதாயிரத்துக்கு இன்னும் பதினெட்டாயிரத்து எழுநூறு குறைகிறது. ஜூன் மாதத்துக்குள் அடுப்படி ஓட்டை மாற்றிவிட வேண்டும், உங்களுக்கு ஒரு புதுப் பாய் வாங்க வேண்டும் என்று அங்கேயே மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். ஆனால் மாமா டீயைக் குடித்துக்கொண்டே, கட்டர் வைத்து அறுத்தால் இரண்டு நாள் வேலை என்று சொன்னபோது, அந்த டம்ளரைப் பிடுங்கிவிடலாம் போல ஆத்திரம் வந்தது. ஏழு வருடத்துக்கு முன் மேகமலை எஸ்டேட்டிலிருந்து லாரியில் எலும்பும் தோலுமாக வந்து இறங்கிய வண்டி அது. வெள்ளைக்கார மேனேஜர் விட்டுப்போன குப்பை என்று நானே அன்று அழுதேன். மூன்று வருடம் ராப்பகலாய் அதன் அடியிலேயே படுத்துக் கிடந்து அதை ஓட வைத்தவர் நீங்கள். அதை அறுக்கிறேன் என்றால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இரண்டாவதாக உசிலம்பட்டி நல்லகாமன் அண்ணன் வந்தார். நீங்கள் துபாய்க்குப் போன பிறகு மாதம் ஒரு தடவையாவது வந்து, வாசலில் நின்றே எங்களை விசாரித்துவிட்டுப் போகிற மனிதர் அவர் ஒருவர்தான். மாட்டுத் தரகருக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். “நாலு காலு இருக்குல்ல தங்கச்சி, எனக்கு அது போதும்” என்றார்.

மாடு பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார். வயசு தெரிய எத்தனை பல் என்று முன்பக்கக் கம்பிகளை எண்ணினார். ஜெயினம்பு ஓடி வந்து தன் ஆடுகிற பல்லைக் காட்டினாள். பிறகு சுழி பார்த்தார். ஸ்டெப்னிக்குக் கீழே வட்டமாக ஒரு கீறல் இருக்கிறது அல்லவா, அது கெட்ட சுழியாம், வாங்குகிறவன் குடும்பத்துக்கு ஆகாதாம். அதற்கு ஐநூறு குறைத்தார். கடைசியில் ரெண்டு ஜோடி உழவுக் காளை விலை பெறும், எட்டாயிரம் வைக்கலாம், ஆனால் உருப்படியில் பராமரிப்பு இல்லை என்றார்.

அந்த நேரம் பார்த்து மாமாவும் மறுபடி வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்தால் கேட்க வேண்டுமா? நல்லகாமன் அண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மாமாவின் கை மேல் போட்டார். துண்டுக்கு அடியில் விரலைப் பிடிக்கிறார், விடுகிறார், மாமா தலையை ஆட்டுகிறார், மறுபடி பிடிக்கிறார். என் வீட்டு முற்றத்தில், என் புருஷன் காருக்கு, என்ன விலை ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எம்புட்டு என்று நானும் கேட்டுப் பார்த்தேன். படியும் முன்னால் வாய் விட்டுச் சொல்வது தரகு தர்மம் இல்லை என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். நான் ஜெயினம்புவின் சிலேட்டையும் பல்பத்தையும் எடுத்துத் துண்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். மாமா ஆயிரத்து நானூறு என்று எழுதினார். அண்ணன் அதை எச்சில் தொட்டு அழித்துவிட்டு, இந்த வியாபாரம் நடக்காது என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

இதுவரை நிலவரம் இதுதான். எதுவும் இருபதாயிரத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. நீங்கள் வருத்தப்பட வேண்டாம், நான் வருத்தப்படவில்லை.

வேளா வேளைக்குச் சாப்பிடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு உடம்பு சுகத்தைக் கொடுக்கட்டும்.

உங்கள் அமீருன்னிசா.


செல்லூர், மதுரை.
27-2-1981, வெள்ளிக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, ஸலாம்.

நீங்கள் அனுப்பிய டிராப்ட் வந்து சேர்ந்தது. ஜெயினம்புவுக்கு நான்கு நாள் காய்ச்சல் அடித்து இப்போது தேவலை. நீங்கள் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன், ஊசி போடும்போது அழவில்லை, டாக்டரைத்தான் கடித்துவிட்டாள். ஆடிய பல் அதில் விழுந்துவிட்டது. தெருவில் அடிக்கடி கரண்ட் போகிறது. தறி ஓடாத நேரத்தில் எதிர் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வெளியே வந்து உட்கார்ந்து நம் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பார்க்கும்படியாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நல்லகாமன் அண்ணனுக்கு, போன தடவை மாமா சொன்ன ஆயிரத்து நானூறு மனதில் முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மாப்பிள்ளையின் பொருளைப் பேரீச்சம்பழத்துக்குக் கேட்கிறார்களே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. “சந்தைக்குப் போற உருப்படிய அழுக்கும் சாணியுமா நிறுத்துனா எவன் தங்கச்சி வெலை கேப்பான்? கொம்புக்கு வர்ணம் அடிக்காம ஒரு மாட்ட வித்திருக்கேனா நானு?” என்று கேட்டார். காரில் சாணி எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவில்லை.

தன் செலவிலேயே எல்லாம் செய்தார். முதலில் விளக்கெண்ணெய். தோல் மினுமினுப்பு வர வேண்டுமாம். இரண்டு படி எண்ணெயை மூன்று நாள், காலையிலும் மாலையிலும், வைக்கோல் பிரி வைத்துத் தேய் தேய் என்று தேய்த்தார். தெரு முழுக்கப் பிரசவ வீடு மாதிரி வாடை. நான்காம் நாள் பிரஷ் எடுத்தார். உடம்பெல்லாம் சிவப்பு. சக்கரத்துக் கம்பிகளுக்கு மஞ்சள். முன்னால் துருத்திக்கொண்டு நிற்கிற இரண்டு லைட்டும் அவர் கண்ணுக்குக் கொம்பாகத் தெரிந்ததால் அவற்றுக்கு நீலம். ஹாரனுக்குப் பக்கத்தில் ஒரு சலங்கை மணியும் கட்டியாகிவிட்டது. உங்கள் பச்சைக் கார் இப்போது பொங்கலுக்கு மறுநாள் காளை போல நிற்கிறது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்பிள்ளைகள் செய்கிற காரியத்தில் நான் என்ன சொல்ல இருக்கிறது?

பெயிண்ட் அடித்து ஐந்து நாளாகிறது, இன்னும் காயவில்லை. அதுதான் ஏன் என்று தெரியவில்லை. ஜெயினம்புவின் கவுனில் சிவப்பு, பக்கத்து வீட்டுப் பூனையின் வாலில் மஞ்சள். பனி இறங்குகிறது, அதனால்தான் என்கிறார் அண்ணன்.

அடுத்ததாக நடை காட்ட வேண்டுமாம். கொட்டகையில் கட்டிக் கிடக்கிற உருப்படியை யாரும் விலை கேட்க மாட்டார்கள், நாலு பேர் பார்க்க நடத்திக்கொண்டு போனால்தான் கேட்பார்கள் என்கிறார். நீங்கள் போனதிலிருந்து என்ஜின் ஒரு நாளும் ஓடவில்லை, பேட்டரியும் உளுத்துப்போனது, எப்படி நடத்துவது என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் சிரித்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

தறிக்காரர்கள் சொல்லும் மதிப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். கல்யாண ஊர்வலத்துக்கு ஆகும், ஆறாயிரம் தரலாம் என்கிறார்கள். அதுவும் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு தள்ளிக்கொண்டு போவதாக இருந்தால்.

உங்கள் இருபதாயிரம் இன்னும் வெகு தூரத்தில்தான் நிற்கிறது. திரூர்க்காரரிடம் எதற்கும் சொல்லி வையுங்கள். இந்த வருஷம் நோன்பு ஜூலையில் பிறக்கிறது என்று காலண்டரில் பார்த்தேன். சும்மா பார்த்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆண்டவன் உங்களுக்குத் துணையிருப்பான்.

உங்கள் அமீருன்னிசா.


செல்லூர், மதுரை.
15-3-1981, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மச்சானுக்கு, உங்கள் அமீருன்னிசாவின் ஸலாம்.

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படியுங்கள். நின்றுகொண்டே படித்தால் சிரித்துக் கீழே விழுவீர்கள், இல்லை என் மேல் கோபப்பட்டு விழுவீர்கள். எல்லாரும் சுகம், அதில் பயம் வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லகாமன் அண்ணன் ஒரு ஜோடிக் காளையோடு வந்தார். காரின் முன் பம்பரில் கயிற்றைக் கட்டிக் காளைகளைப் பூட்டிவிட்டார். தானே காருக்குள் ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்டீரிங், ஒரு கையில் சாட்டை. செல்லூரிலிருந்து தல்லாகுளம் வரை ஊர்வலம். நான் துப்பட்டியைப் போட்டுக்கொண்டு, ஜெயினம்புவைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். மணி கலகலவென்று ஆடுகிறது. டவுன் பஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்திவிட்டு, எந்த ஊர்த் தேர் என்று கேட்டார். “இது மிசினு மாடுடா மாப்ள, தள்ளி நில்லு” என்று அண்ணன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். நீங்கள் போன பிறகு நான் இப்படிச் சிரித்ததே இல்லை.

தல்லாகுளத்தில் ஒரு வீட்டு வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், எங்களைப் பார்த்ததும் பேப்பரைப் போட்டுவிட்டு நடுரோட்டுக்கு ஓடி வந்தார். “யோவ், நிறுத்துங்கய்யா! மாட்ட அவுருங்கய்யா மொதல்ல!” என்று அவர் போட்ட கூச்சலில் காளைகளே மிரண்டுவிட்டன. காரைச் சுற்றிப் பார்த்தார். சிவப்பைத் தொட்டார், விரலில் ஒட்டிக்கொண்டது. அப்படியே சாக்கடைக் கட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். இழவு வீட்டில்கூட ஒருவர் முகம் இப்படிப் போய் நான் பார்த்ததில்லை.

அவர் பெயர் ஆண்டிச்சாமி. மூணாறு பக்கம் ஒரு டீ எஸ்டேட்டில் முப்பது வருடம் ஆபீஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அங்கே அவருடைய துரை இதே மாதிரி எம்.ஜி. கார் வைத்திருந்தாராம். பழைய கார் என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்குப் பின்னால் ஒரு மோரிஸும் ஒரு ஆஸ்டினும் வைத்திருக்கிறார். மெட்ராஸில் பழைய கார்கள் என்ன விலைக்குக் கைமாறுகின்றன என்பது அவருக்கு அத்துப்படி. அன்று காரைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்த்தோம். மறுநாள் காலை நோட்டு, லென்ஸ், ஒரு பேட்டரி எல்லாம் எடுத்துக்கொண்டு நம் கொட்டகைக்கே வந்துவிட்டார்.

மச்சான், மதிப்புப் போடுவது என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். என்ஜினில் இருக்கிற நம்பரையும் தகட்டில் இருக்கிற நம்பரையும் ஒத்துப் பார்த்தார். ஒத்திருந்தது. மீட்டர்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்தார். மாற்றவில்லை. பானெட்டுக்கு அடியில் நீங்கள் சுருட்டி வைத்த ஸ்பேனர் பையைப் பிரித்து எண்ணினார். மாமா திட்டினாரே, அந்தக் கதவு மரத்தைத் தட்டிப் பார்த்து, எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இடது பக்க ஸீட் பள்ளமாக இருக்கிறது என்று முந்நூறு குறைத்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் ஜெயினம்புவும் அதில்தான் உட்கார்ந்திருப்போம், அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஹூட் துணிக்கு இருநூறு குறைத்தார். கடைசியில் கணக்கு இப்படி வந்தது. வண்டி முன்பிருந்தபடியே இருந்து, ஓடவும் செய்தால் இருபத்திரண்டாயிரம். எஸ்டேட் காலத்துப் பச்சைப் பெயிண்டைக் கெடுத்ததற்கு ஆறாயிரம் போயிற்று. என்ஜின் ஓடாததற்கு எட்டாயிரம் போயிற்று. மிச்சம் எட்டாயிரம்.

“அந்தப் பச்சை திரும்பக் கெடைக்காதும்மா. கோடி குடுத்தாலும் அந்த ஒரிஜினல் வராது. எவன்மா இப்பிடிப் பண்ணுனது?” என்று கேட்டார். அன்றைக்கும் வந்திருந்த நல்லகாமன் அண்ணன் தன் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகிவிட்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் எனக்குத் தொண்டையில் சோறு இறங்காது. துபாய்க்குப் போவதற்கு முதல் நாள் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள், பெயிண்டில் மட்டும் யாரையும் கை வைக்க விடாதே, துணியால் தூசி தட்டினால் போதும், பாதி விலை அதில்தான் இருக்கிறது என்று. அண்ணன் பிரஷ்ஷைச் சிவப்பில் முக்கியபோது அது எனக்கு நன்றாக நினைவு இருந்தது. அவருக்குத் தெரியாது, பிரியத்தில் செய்தார். எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு நின்றேன். போகட்டும், நாசமாகப் போகட்டும், விலை இறங்கட்டும், மனுஷர் வீடு வந்து சேரட்டும் என்று நின்றேன். நீங்கள் என்னைத் திட்டலாம். திட்டுவதானால் நேரில் வந்து திட்டுங்கள்.

ஆனால் பாருங்கள், ஆண்டவன் வேறு கணக்குப் போட்டிருக்கிறான். ஆண்டிச்சாமி சார் துக்கத்தில் நகத்தால் ஒரு இடத்தைச் சுரண்டினார். சிவப்பு, வெந்த உருளைக்கிழங்குத் தோல் மாதிரி அப்படியே உரிந்து வந்தது. உள்ளே பச்சை பளபளவென்று இருக்கிறது. எல்லாம் அந்த விளக்கெண்ணெய்! மூன்று நாள் மாட்டுக்குத் தேய்ப்பது போலத் தேய்த்ததில், மேலே அடித்த பெயிண்ட் ஒட்டவே இல்லை. அதனால்தான் காயவும் இல்லை. சார் எழுந்து நின்று அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இப்போதுதான் திட்டினார், இப்போது கட்டிப்பிடிக்கிறார் என்று அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “இதுக்குத்தான்யா எண்ணெய் போட்டது” என்றார்.

தெருவே கூடிவிட்டது. மண்ணெண்ணெய் கொண்டு வந்தவர்களைச் சார் விரட்டிவிட்டார். வெந்நீரும் சீயக்காயும் பழைய வேட்டித் துணியும்தான். தறிவீட்டுப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கு ஒரு பக்கம் உட்கார்ந்து, பிள்ளைக்குத் தலை குளிப்பாட்டுவது போலத் தேய்த்தார்கள். மத்தியானத்துக்குள் உங்கள் பச்சைக் கார் திரும்பி வந்துவிட்டது. சார் நோட்டை எடுத்தார். எட்டை அடித்துவிட்டுப் பதினான்காயிரம் என்று எழுதினார்.

பதினான்குதான். இன்னும் தாண்டவில்லை. நான் மூச்சு விட்டுக்கொண்டேன்.

பிறகு பேட்டரியை மாட்டினார். டாங்கியைக் கழுவிப் புதுப் பெட்ரோல் ஊற்றினார். ஸ்டார்ட் செய்தார், வரவில்லை. முன்னால் கம்பி போட்டுச் சுற்றினார், அண்ணன் சுற்றினார், தறிக்காரப் பையன்கள் நாலு பேர் சுற்றினார்கள், வரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. சார் வேர்வையைத் துடைத்துக்கொண்டு, என்ஜின் போய்விட்டது போலிருக்கிறது, பதினான்கு என்றே முடித்துக்கொள்ளலாம் என்று நோட்டை மூடப் போனார்.

அங்கே இருந்தவர்களில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். எத்தனை நாள் நீங்கள் செய்யப் பார்த்திருக்கிறேன்! சாவியைத் திருப்பியதும் சுற்றக் கூடாது. உள்ளே பெட்ரோல் பம்ப் டிக் டிக் என்று அடிக்கும். அது அடித்து ஓய்கிற வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு சோக்கை இரண்டு விரல் அகலம் இழுத்து, ஒரே சுற்று. அடிக்கவே இல்லை என்றால் பம்பை ஸ்க்ரூட்ரைவர் பிடியால் ஒரு தட்டு. இவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் பதினான்காயிரத்தோடு எல்லாம் முடிந்திருக்கும். ஜூன் கடைசியில் நீங்கள் வந்திருப்பீர்கள். ஒரு தடவை மூடிப் பழகிய வாய்தானே?

என்னால் முடியவில்லை மச்சான். நீங்கள் உயிரைக் கொடுத்து ஓட வைத்ததை, ஓடாது என்று ஒருவர் எழுதிவிட்டுப் போவதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “தள்ளுங்கண்ணே” என்று போய், பம்பில் ஒரு தட்டுத் தட்டினேன். டிக் டிக் என்று ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓய்ந்தது. சோக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டு, இப்போது சுற்றுங்கள் என்றேன். அண்ணன் ஒரே சுற்றுத்தான் சுற்றினார். கொட்டகைத் தகரம் எல்லாம் அதிர்கிற மாதிரி எழுந்துவிட்டாள் என் சக்களத்தி!

ஜெயினம்பு பயந்து என் துப்பட்டிக்குள் ஒளிந்துகொண்டாள். நீங்கள் போகும்போது அவளுக்கு இரண்டு வயது. கார் என்றால் சும்மா நிற்கிற சாமான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருக்கிறாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நீட்டி, “இது ஓடுமாம்மா? அத்தா வந்தா ஓட்டுவாகளா?” என்று கேட்டாள். ஓட்டுவார்கள் என்று சொல்லிவிட்டேன். அதற்குள் சார் நோட்டில் பதினான்கையும் அடித்துவிட்டு, இருபத்திரண்டாயிரம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

ஆகவே மச்சான், நீங்கள் கேட்ட மதிப்பு இருபத்திரண்டாயிரம் ரூபாய். தாண்டிவிட்டது. நான் தாண்ட வைத்துவிட்டேன். ஒரு ரூபாய் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

ஆண்டிச்சாமி சாரே வாங்கிக்கொள்வதாகச் சொல்லி ஐநூற்றொரு ரூபாய் அட்வான்ஸ் நீட்டினார். நான் வாங்கவில்லை. துபாயிலிருந்து பதில் வரட்டும் என்று சொல்லிவிட்டேன். அவர் கிளம்பும்போது ஒன்று கேட்டார். “இந்த என்ஜின இப்பிடிச் செஞ்ச மனுசன் அங்க போயி என்னம்மா பண்றாரு?” என்று கேட்டார். புல்டோசருக்கு கிரீஸ் அடிக்கிறார் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தார். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, தன் மோரிஸையும் ஆஸ்டினையும் தொட மதுரையில் ஆள் இல்லை, கொடைக்கானலிலும் தேனியிலும் தெரிந்தவர்களிடம் இப்படி ஏழெட்டு வண்டி படுத்துக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பத்தாவது வரைதான் படித்தவள். ஆனாலும் இந்தக் கணக்கு எனக்குத் தெரிகிறது. இருபதாயிரத்துக்கு ஷார்ஜாவில் கிடைப்பது கால் பங்கு. அதே பணத்துக்கு இங்கே நம் கொட்டகையைப் பெரிதாக்கி, ஒரு லேத்தும் போட்டால் முழுப் பங்கும் உங்களுடையது. நல்லகாமன் அண்ணன் தரகுப் பணம் வேண்டாம் என்றுவிட்டார். மாமா, கூரைக்குத் தகரம் அடக்க விலைக்கே தருகிறேன் என்கிறார், அறுக்கிறேன் என்று சொன்னதற்கு வெட்கப்பட்டு. காரை விற்றாலும் அது தல்லாகுளத்தில்தான் நிற்கும். ரிப்பேர் என்றால் உங்களிடம்தான் வரும். இதை யோசிக்கச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஐந்து வருடம் கழித்து ஜெயினம்புவுக்குப் பத்து வயது முடிந்திருக்கும். என் வயதை நான் சொல்லப்போவதில்லை.

மதிப்புப் போடச் சொன்னீர்கள், போட்டுவிட்டேன். இனி அந்தக் காரைக் கேட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, அது தன் பதிலைச் சொல்லிவிட்டது. இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அல்லாஹ் உங்கள் மனதில் நல்லதைப் போடட்டும், உங்களைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். பதில் கடிதத்தில் ரூபாய்க் கணக்கு எதுவும் எழுத வேண்டாம் மச்சான். ஒரு தேதி மட்டும் எழுதுங்கள்.

உங்கள்
அமீருன்னிசா.